தேவாலயத்தின் பின்கட்டு

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணி. தில்லியில் அந்தத் தேவாலயத்தின் பெரிய கதவு பூட்டியிருந்தது. பக்கவாட்டுச் சந்தில் ஜெனரேட்டரைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போனால் பின்னால் ஓர் அறை. காலையில் அங்கே ஓய்வுநாள் பள்ளி நடக்கிறது. சுவரில் நோவாவின் பேழை, அதில் ஏறக் காத்திருக்கும் ஒட்டகச்சிவிங்கி, குழந்தைகள் கிரேயானில் தீட்டிய வானவில். நாற்காலிகளும் குழந்தைகளுக்கானவைதான். முழங்கால் முகவாயில் இடிக்கிற மாதிரி அவற்றில் பதினான்கு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைப்பாகை கட்டிய ஒரு சர்தார்ஜி, டை அணிந்த ஓர் இளைஞர், காக்கிச் சட்டையைக் கழற்றாமலே வந்துவிட்ட ஓர் ஆட்டோ ஓட்டுநர், ஓரமாக இரண்டு பெண்கள். எல்லோரும் குடியை விட்டவர்கள் அல்லது விட முயல்பவர்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு நோவா திராட்சைத் தோட்டம் போட்டதும், அதன் ரசத்தைக் குடித்துவிட்டுக் கூடாரத்தில் ஆடை விலகிக் கிடந்ததும் ஆதியாகமத்தில் இருக்கிறது. ஓய்வுநாள் பள்ளியில் அந்தப் பகுதியைச் சொல்லித் தருவதில்லை.

அங்கே கேட்டதை எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். வெளியாட்களை அனுமதிக்கும் கூட்டம் அது. ஆனாலும் அறைக்குள் பேசியது அறையோடு போக வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே பார்த்ததை மட்டும் சொல்கிறேன். பிளாஸ்கில் டீ, ஒரு பாக்கெட் பார்லே-ஜி. நடுவில் மேஜை இல்லை, மேடை இல்லை, மைக் இல்லை. ஒவ்வொருவராகப் பேசினார்கள், மற்றவர்கள் கேட்டார்கள். யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. கடைசியில் ஒரு தகர டப்பா சுற்றி வந்தது. நானும் ஐம்பது ரூபாய் போட்டேன். பக்கத்தில் இருந்தவர் அதை எடுத்து, மடித்து, என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். உறுப்பினரல்லாதவர் பணம் வாங்குவதில்லையாம். இருபத்தைந்து ஆண்டுகளாக இந்த நாட்டில் கூட்டங்களுக்குப் போய் எழுதிக்கொண்டிருக்கிறேன். போட்ட காசைத் திருப்பிக் கொடுத்த கூட்டம் இது ஒன்றுதான்.

என்னை அங்கே அழைத்துப்போனவரை நான் அண்ணாச்சி என்றே குறிப்பிடுகிறேன். எங்கள் குடியிருப்பில் எல்லோருக்குமே அவர் அண்ணாச்சிதான். திருநெல்வேலிப் பக்கம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தன் கதையை எழுதிக்கொள்ள அனுமதி தந்தார். பெயர் மட்டும் கூடாது என்றார்.

அவருடைய குடியின் ஆரம்பம் பலருடையதைப் போன்றதுதான். தனி அறை, தில்லிக் குளிர், ராணுவத்தில் இருந்த ஒரு நண்பரின் கேன்டீன் ரம். கல்யாணமாகி அக்கா வந்த பிறகும் தொடர்ந்தது, பிள்ளைகள் பிறந்த பிறகும் தொடர்ந்தது. சம்பள நாளில் வீட்டுக்கு வராத கணவன்மார்களின் கதை நமக்குத் தெரியாததல்ல. ஆகவே அதைக் கடந்து, சுவிசேஷக் கூட்டம் ஒன்றுக்கு அவர் போன நாளுக்கு வருகிறேன்.

மூன்று நாள் கூட்டம். தெற்கிலிருந்து பிரசங்கியார் வந்திருந்தார். கடைசி நாள் இரவு, குடிப்பழக்கத்தில் இருப்பவர்கள் முன்னால் வாருங்கள் என்று அவர் அழைத்தபோது அண்ணாச்சி எழுந்து போனார். அழுதார். அந்த அழுகை நிஜம் என்று இன்றைக்கும் சொல்கிறார். மறுநாளிலிருந்து மூன்று நாள் உபவாச ஜெபம். தினமும் முக்கால் பாட்டில் குடித்தவர் ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் நிறுத்தினார். மூன்றாம் நாள் இரவு கை நடுங்கியது, உடம்பு வேர்த்துக் கொட்டியது, சுவரில் பூச்சிகள் ஊர்வதாகக் கத்த ஆரம்பித்தார். சபைப் பெரியவர்கள் வந்தார்கள். பிசாசு விட்டுப் போகிற நேரம், போகும்போது இப்படித்தான் அலைக்கழிக்கும் என்று சுற்றி நின்று ஜெபித்தார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு அக்கா யார் பேச்சையும் கேட்காமல் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

மருத்துவர்களுக்கு அது பழகிப்போன காட்சி. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது எல்லாம் வரலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். தூக்க மருந்து வகையைச் சேர்ந்த மாத்திரைகளைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். ஒரு வாரத்தில் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அண்ணாச்சியும் எழுந்து உட்கார்ந்தார். சபையில் அதை ஜெபத்துக்குக் கிடைத்த பதிலாக எடுத்துக்கொண்டார்கள். ஊசி போட்ட டாக்டரை யாரும் குறிப்பிடவில்லை.

அடுத்த மாதம் அவரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள்.

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்காகச் சொல்ல வேண்டும். சாட்சி என்பது இங்கே கோர்ட் சாட்சியல்ல. கடவுள் தன் வாழ்வில் செய்ததைச் சபையின் முன் நின்று சொல்வது. நோய் தீர்ந்தது, வேலை கிடைத்தது, குடி விட்டது. அண்ணாச்சி நன்றாகப் பேசக்கூடியவர். இருபது நிமிடம் பேசினார். பலர் கண்ணைத் துடைத்தார்கள். காணிக்கை எடுக்கும் பொறுப்பு கிடைத்தது. வேறு இரண்டு சபைகளிலிருந்தும் சாட்சிக்கு அழைப்பு வந்தது.

ஏழு மாதம் கழித்து நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். முதல் நாள் ராத்திரி மச்சினன்மார்களோடு மொட்டை மாடியில் ஒரு பெக்.

"அந்த ஒரு பெக் என்னைய ஒண்ணும் செய்யல தம்பி. அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமதான் என்னையக் கொன்னுச்சு" என்கிறார் அண்ணாச்சி. காணிக்கைப் பையோடு வரிசை வரிசையாக நடக்கும்போது எல்லோரும் அவரைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். அவர்களிடம் சொல்ல முடியவில்லை. சாட்சி சொன்னவன் குடித்தால் அவன் மட்டுமா விழுகிறான்? சாட்சியே பொய்யாகிவிடுகிறது, கடவுள் செய்த அற்புதமே செல்லாமல் போய்விடுகிறது. ஆகவே மறைத்தார். வாயில் கிராம்பு, ஏலக்காய். பீரோவுக்குப் பின்னால் பாட்டில். ஐந்து வருடம் ஞாயிறு தவறாமல் காணிக்கை எடுத்தார், ஐந்து வருடமும் குடித்தார். முன்பு குடித்ததைவிட அதிகமாக, தனியாக. கடைசியில் மஞ்சள் காமாலை வந்து படுத்தபோதுதான் சபைக்குத் தெரிந்தது. பொறுப்பை எடுத்துவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் ஜெபித்துவிட்டு டீ குடிக்காமல் போனார்கள்.

இந்த முறை ஒரு அரசு மருத்துவமனை டாக்டர், மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு முகவரியை எழுதிக் கொடுத்தார். அண்ணாச்சி போய்ப் பார்த்தால் அது இன்னொரு தேவாலயம். திரும்பிவிடப் பார்த்தாராம். அக்கா பின்னாலேயே நின்றதால் உள்ளே போனார். அங்கே ஒருவர், யார் என்று அண்ணாச்சி சொல்லவில்லை, "முந்தாநாள் குடித்துவிட்டேன்" என்று ஆரம்பித்தாராம். யாரும் உச்சுக்கொட்டவில்லை. பேசி முடித்ததும் எல்லோரும் நன்றி சொன்னார்கள். அடுத்தவர் ஆரம்பித்தார்.

குடியிலிருந்து மீள மதம் உதவுமா என்ற பழைய கேள்வியைப் பற்றி எனக்கு அதிக அக்கறை இல்லை. உதவியிருக்கிறது, கெடுத்தும் இருக்கிறது. எனக்குப் படுவது வேறு. ஒரே தேவாலயத்தின் முன்பக்கத்தில் ஜெயித்தவன்தான் பேசலாம். பின்கட்டில் தோற்றுக்கொண்டிருப்பவனும் பேசலாம். இந்த இரண்டுக்கும் இடையே விழுந்து செத்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்தவர்களும் கிறிஸ்தவப் பின்னணியில் வந்தவர்கள்தான் என்பதுதான் இதில் சுவாரஸ்யம்.

1935 மே மாதம். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரம். பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச் சந்தை ஆசாமி, வந்த காரியம் படுதோல்வியில் முடிந்து, ஹோட்டல் வரவேற்புக் கூடத்தில் நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகின்றன. ஒரு பக்கம் மதுக்கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோன், அதன் அருகே ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியல். ஒரு பாதிரியாரைக் கூப்பிட்டு, பேசுவதற்கு எனக்கு இன்னொரு குடிகாரன் வேண்டும் என்கிறார். புத்தி சொல்ல ஒரு பெரியவர் வேண்டும் என்று கேட்கவில்லை. அந்தத் தொடர்பு கைமாறி, ஊரில் குடியால் தொழிலை இழந்துகொண்டிருந்த டாக்டர் பாப் ஸ்மித்திடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்ற நிபந்தனையோடு வந்த டாக்டர், ராத்திரி பதினொன்று தாண்டும்வரை பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்த நாள் 1935 ஜூன் 10 என்று கணக்கு. அதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., பிறந்த நாள்.

இருவரும் அப்போது ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தோடு தொடர்புள்ளவர்கள். அமெரிக்க லூத்தரன் போதகர் ஃபிராங்க் புக்மன் ஆரம்பித்தது. தவறுகளை ஒருவருக்கொருவர் ஒப்புக்கொள்வது, கெடுதல் செய்தவர்களிடம் போய்ச் சரிசெய்வது, காலையில் மௌனமாக உட்கார்வது என்று சில நல்ல பழக்கங்களை வைத்திருந்த இயக்கம். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபின் நிருபம் ஆரம்பகால ஏ.ஏ.காரர்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆனால் புக்மனுக்குப் பெரிய மனிதர்களும் பத்திரிகைத் தலைப்புகளும் தேவைப்பட்டன. மீண்டவர்கள் மேடை ஏற வேண்டியிருந்தது. குடிகாரனுக்கு அது ஒத்துவரவில்லை. நியூயார்க்கில் 1937-லும் ஆக்ரனில் 1939-லும் பிரிந்துவிட்டார்கள். பிரிவதற்கு இன்னொரு காரணம் கத்தோலிக்கர்கள். பாவசங்கீர்த்தனத்தைக் குருவானவரின் காதில் மட்டும் சொல்லிப் பழகியவர்களை, புராட்டஸ்டன்ட் பாணிப் பொதுக்கூட்டத்தில் ஒப்புக்கொள்ள அவர்களுடைய திருச்சபை அனுமதிக்கவில்லை. கிளீவ்லண்டில் அவர்களுக்காகத்தான் தனிக் கூட்டம் தொடங்கியது. 1939-ல் வெளியான புத்தகத்தில், கடவுள் என்ற சொல்லோடு, அவரவர் புரிந்துகொண்டபடி என்ற ஒரு சொற்றொடரை நம்பிக்கையில்லாத உறுப்பினர்கள் வாதாடிச் சேர்க்க வைத்தார்கள். அந்தச் சிறிய திறப்பு வழியாகத்தான் தில்லியில் நான் பார்த்த சர்தார்ஜி உள்ளே வந்திருக்கிறார்.

இங்கே ஒரு கிளைக்கதை. புக்மனின் இயக்கம் 1938-ல் பெயர் மாறியது. 1968-ல் மகாராஷ்டிரத்தின் பஞ்சகனியில் அதற்கு ஒரு பெரிய மையம் வந்தது. அதை இந்தியாவில் முன்னின்று நடத்தியவர் ராஜ்மோகன் காந்தி, ராஜாஜியின் பேரன். தாத்தாவோ 1937-ல் சென்னை மாகாணப் பிரதமரானதும் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர். ஆக்ரனில் இரண்டு பேர் அறைக்குள் உட்கார்ந்து ஆரம்பித்ததும், சேலத்தில் சட்டம் போட்டு ஆரம்பித்ததும் இரண்டே ஆண்டு இடைவெளியில். நாம் தாத்தாவின் வழியைத்தான் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொள்கிறோம். சட்டம், பிறகு தளர்வு, பிறகு மறுபடி சட்டம்.

ஏ.ஏ. இந்தியாவுக்கு வந்தது 1957-ல், மும்பையில் காலூன்றியது. மதுவிலக்கு அமலில் இருந்த நகரம் அது. பெர்மிட் இருந்தால் குடிக்கலாம். இல்லாதவர்களுக்குச் சந்துகளில் 'ஆன்ட்டி'களின் வீடுகள். அவர்களில் பலர் கிறிஸ்தவப் பெண்கள், பிழைப்புக்கு வேறு வழியில்லாத விதவைகளும் உண்டு. கிறிஸ்தவன் என்றால் குடிப்பான் என்று ஹிந்தி சினிமா ஐம்பது வருடம் சிரித்துக்கொண்டிருந்ததே, அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்த குடும்பங்களின் நடுவில்தான் 1981-ல் ஃபாதர் ஜோ பெரேரா, பாந்த்ராவின் மவுண்ட் கார்மல் தேவாலயத்தில் கிருபா அறக்கட்டளையை ஆரம்பித்தார். ஏ.ஏ.யின் பன்னிரண்டு படிகளோடு அவர் சேர்த்தது யோகாசனம். பி.கே.எஸ். ஐயங்காரின் மாணவர் அவர். குடியால் உடம்பையே வெறுக்கத் தொடங்கியவனுக்கு முதலில் நிமிர்ந்து நிற்கவும் மூச்சுவிடவும் கற்றுத்தர வேண்டும் என்பது அவருடைய கட்சி. பாதிரியார் யோகா சொல்லித் தரலாமா என்று முகம் சுளிப்பவர்கள் கிறிஸ்தவர்களிடையே உண்டு. வந்தவர்கள் எந்த மதம் என்று கேட்காமல் பாயை விரித்துக் கொடுத்தார்கள். வடகிழக்கு வரை அதன் மையங்கள் பரவின. 2009-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

நம்மூரில் ப்ளூ கிராஸ் என்றால் அடிபட்ட நாயைத் தூக்கிப் போக வரும் வண்டிதான் ஞாபகம் வரும். 1877-ல் ஜெனிவாவில் லூயி லூசியன் ரோஷா என்ற போதகர் ஆரம்பித்த இன்னொரு ப்ளூ கிராஸ் உண்டு. அது குடிகாரர்களைத் தூக்கிவிடுவதற்கானது. போரில் காயம்பட்டவனுக்குச் செஞ்சிலுவை, குடியில் காயம்பட்டவனுக்கு நீலச்சிலுவை என்பது எண்ணம். குடிகாரனைப் பாவி என்று பார்க்காமல் காயம்பட்டவன் என்று பார்த்த கிறிஸ்தவர்கள் ஏ.ஏ.க்கு முன்பும் இருந்திருக்கிறார்கள்.

இதனால் பலன் உண்டா? 2020-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரை எடுத்துக்கொண்டு பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், ஏ.ஏ.யும் அதற்கு ஆட்களைக் கொண்டுசேர்க்கும் முறைப்படியான சிகிச்சையும் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடச் சோடைபோகவில்லை, சிலவற்றில் மேலாகவே இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்க ஆய்வுகள். நம் நாட்டு நிலைமையைச் சொல்வது 2019-ல் மத்திய சமூக நீதி அமைச்சகமும் எய்ம்ஸும் வெளியிட்ட கணக்கெடுப்பு. குடிப்பவர்கள் சுமார் 16 கோடி. அவர்களில் குடி தொந்தரவாகி உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் 5.7 கோடிக்கு மேல். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மீதி 37 பேருக்கு மனநல மருத்துவர் எட்டாத தூரம். ஆனால் தேவாலயமோ, கோயில் மண்டபமோ, பள்ளிவாசல் முற்றமோ நடக்கிற தூரத்தில் இருக்கும். பின்கட்டில் ஓர் அறையும் இருக்கும்.

அப்படி அறைகள் அதிகம் இருக்க வேண்டிய இடம் நாகாலாந்தும் மிசோரமும். 2011 கணக்கெடுப்பின்படி இரண்டிலும் நூற்றுக்கு 87 பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். அங்கே திருச்சபைகளின் சொல்லுக்கு அரசாங்கம் நடுங்கும். அந்தச் செல்வாக்கின் பெரும்பகுதி சட்டத்துக்குத்தான் போயிற்று. நாகாலாந்தில் 1989-ல் முழு மதுவிலக்குச் சட்டம். மிசோரத்தில் 1997-ல் மதுவிலக்கு, 2015-ல் கடைகள் திறப்பு, 2019-ல் மறுபடி மூடல். இதற்கிடையில் மியான்மர் எல்லை வழியாக ஹெராயின் வந்தது, ஊசி வந்தது, ஊசியோடு எச்.ஐ.வி. வந்தது. இன்று நாட்டிலேயே எச்.ஐ.வி. விகிதம் மிக அதிகமாக இருப்பது இந்த மாநிலங்களில்தான். சட்டத்தை மீறி ஊசி போட்டுக்கொள்கிறவன், பெரும்பான்மையோர் ஞாயிறு காலை தேவாலயத்தில் உட்காரும் ஒரு சிற்றூரில், யாரிடம் போய்ச் சொல்வான்? 1984-ல் உருவான நாகா அன்னையர் சங்கத்துப் பெண்கள் இதைப் பாதிரிமார்களுக்கு முன்னால் புரிந்துகொண்டவர்கள். கோஹிமாவில் மவுண்ட் கிலியட் என்று ஒரு மறுவாழ்வு இல்லம் நடத்தினார்கள். வைதவர்களும் அவர்கள்தான், சோறு போட்டவர்களும் அவர்கள்தான். அம்மா என்றால் இரண்டும் முடியும் போலிருக்கிறது.

மருந்து விஷயத்தில் கிறிஸ்தவக் குழுக்களில் சில பிடிவாதமாக இருப்பதை நான் ஏற்கவில்லை. விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று கேட்பவர்கள், அண்ணாச்சி பூச்சி பார்த்த அந்த இரவில் அக்காவின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். ஆக்ரனில்கூட இப்படி இல்லை. டாக்டர் பாப்பும் சிஸ்டர் இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரீயும் 1939-லேயே குடிகாரர்களைக் கத்தோலிக்க மருத்துவமனையில் சேர்த்து, உடம்பைத் தேற்றிய பிறகுதான் கூட்டத்துக்கு அனுப்பினார்கள். சங்கிலியில் கட்டிப்போடுகிற 'மறுவாழ்வு இல்லங்கள்' எல்லா மதங்களின் பெயரிலும் இருக்கின்றன. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்கிறது. போதைக்கு அடிமையானவருக்கும் அந்தச் சட்டம் பொருந்தும்.

இன்னொரு பக்கம், ஜெபத்தையே குற்றமாகப் பார்க்கும் காலமும் வந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் அசாம் சட்டமன்றம் மந்திர வைத்தியத்தைத் தடைசெய்யும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியபோது, நோயாளிக்காக ஜெபிப்பதும் இதில் மாட்டுமோ என்று அங்குள்ள கிறிஸ்தவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானதுதான். நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபிப்பது ஏமாற்றும் அல்ல, மதமாற்றமும் அல்ல. டாக்டரிடம் போகாதே என்று சொல்வதுதான் தண்டிக்க வேண்டிய காரியம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத போலீஸ்காரர் கையில் ஒரு சட்டத்தைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

குடி மட்டுமா என்று கேட்கலாம். இல்லைதான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்தது. சட்டம் வந்ததும் கைபேசியைத் தூக்கி எறிந்தவர் எத்தனை பேர்? சூதாடிகளுக்கும் போதை மருந்துக்காரர்களுக்கும் ஏ.ஏ. முறையிலேயே குழுக்கள் உண்டு. அமெரிக்காவில் சாடில்பேக் தேவாலயத்தில் 1991-ல் தொடங்கிய 'செலிப்ரேட் ரெகவரி', கோபம், துக்கம், ஆபாசப் படங்கள் என்று எதிலிருந்து மீள வேண்டியவரையும் சேர்த்துக்கொள்கிறது, பகிரங்கமாகவே கிறிஸ்துவின் பெயரால். வெளிப்படையாகக் கிறிஸ்தவக் குழுவாக இருப்பதில் தவறொன்றும் இல்லை. வந்து நிற்பவன் நேற்றும் விழுந்தேன் என்று சொல்ல முடிகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காக 1951-ல் தொடங்கிய அல்-அனான் என்ற அமைப்பு உண்டு. அதே பின்கட்டில், அதே நேரத்தில், வராந்தாவில் அந்தக் கூட்டம். அங்கே என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "ஆபீசுக்குப் போன் பண்ணி அவுகளுக்குக் காய்ச்சல்னு பொய் சொல்லுதத நிறுத்துனேன்" என்றார். பதினெட்டு வருடம் சொன்ன பொய். அதை நிறுத்திய அன்று அலுவலகத்திலிருந்து மெமோ வந்தது. அண்ணாச்சி அவரை வாய்க்கு வந்தபடி பேசினார். மறு வாரமும் அக்கா போன் செய்யவில்லை. அந்தக் காலத்தில் அக்காவுக்கென்று யாரும் ஜெபக் கூட்டம் வைத்ததில்லை. புருஷனுக்காக இன்னும் அதிகமாக ஜெபியுங்கள் என்றுதான் சொன்னார்களாம்.

அண்ணாச்சி குடியை விட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. நடுவில் ஒருமுறை விழுந்தார். மறுநாளே குழந்தை நாற்காலியில் போய் உட்கார்ந்து சொன்னார். ஞாயிறு காலை இப்போதும் தன் பழைய சபைக்குத்தான் போகிறார், கடைசி வரிசையில். போன வருடம் புதிதாக வந்த போதகர், இளைஞர், நல்லவர், கதையைக் கேள்விப்பட்டு, அறுப்பின் பண்டிகையன்று சாட்சி சொல்ல முடியுமா என்று கேட்டார்.

"மைக் வேண்டாம் ஐயா. செவ்வாய்க்கிழம சாயங்காலம் ஓய்வுநாள் பள்ளி ரூம் சாவி கெடைக்குமா?" என்றிருக்கிறார் அண்ணாச்சி.

போதகருக்குச் சம்மதம். சபைக் கமிட்டியில் மூன்று சந்தேகங்கள் எழுந்திருக்கின்றன. கரண்ட் பில்லை யார் கட்டுவது, மற்ற மதக்காரர்கள் வந்தால் யார் பொறுப்பு, நம் சபையிலேயே குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று வெளியே தெரிந்துவிடாதா. அடுத்த கூட்டத்தில் பேசிச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். கமிட்டியில் இருப்பவர்களில் இரண்டு பேர் மட்டும் தனித்தனியே, ஒருவருக்கொருவர் தெரியாமல், அறை எப்போது கிடைக்கும் என்று அண்ணாச்சியிடம் விசாரித்தார்களாம். யார் என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை.